பேரல் மாற்றும்போது தோட்டாவையும் மாற்றலாமா?
நமீபியப் பண்ணைகளில் ஒரு பழைய ரைஃபிளுக்குப் புது உயிர்

போர்வெல் மோட்டார் ரிப்பேர் ஆனதும், ‘இதுதான் சமயம், ஐந்து எச்.பி-யை எடுத்துவிட்டு ஏழரை எச்.பி போட்டுவிடலாமா?’ என்று யோசிக்காத விவசாயி உண்டா? கேபிள் தாங்குமா, ஸ்டார்ட்டர் தாங்குமா, கிணற்றில் அவ்வளவு தண்ணீர் இருக்கிறதா என்ற கேள்விகளெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். ஆப்பிரிக்காவின் தென்மேற்கில் இருக்கும் நமீபியாவில், மாட்டுப் பண்ணைக்காரர்கள் தங்கள் வேட்டை ரைஃபிளின் பேரல் தேய்ந்துபோனால் இதே கேள்வியோடுதான் துப்பாக்கிப் பட்டறைக்குப் போகிறார்கள். ‘பழைய தோட்டாவுக்கே புது பேரல் போடுவதா, இல்லை இன்னும் வலுவான தோட்டாவுக்கு மாறிவிடுவதா?’

காட்டுப்பன்றியாலும் மானாலும் தூக்கம் கெடும் நம் விவசாயிகளுக்கு அந்த ஊர் நடைமுறை விநோதமாகத் தெரியலாம். நமீபியாவில் ஐயாயிரம் ஹெக்டேர் பண்ணை என்பது சாதாரணம். மழை குறைவு, மேய்ச்சல் நிலம் மெலிவு. அதனால் ஒரு மாட்டுக்கே பல ஹெக்டேர் தேவைப்படும். அதே நிலத்தில் கூடு, ஓரிக்ஸ், ஸ்பிரிங்பாக் போன்ற மான் இனங்களும், வார்த்தாக் என்ற கொம்புப் பல் பன்றியும் மேய்கின்றன. 1975-ல் வந்த இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் இவற்றை ‘வேட்டைக்குரிய விலங்குகள்’ என்று பட்டியலிட்டு, உரிய வேலி போட்ட நில உடைமையாளருக்கு அவற்றின் மீது உரிமை கொடுத்தது. அன்றிலிருந்து அங்கே காட்டு விலங்கு என்பது பண்ணை வருமானத்தின் ஒரு பகுதி. கூடு மான் இறைச்சியை உப்பும் கொத்தமல்லி விதையும் தடவிக் காயவைத்து, ‘பில்டாங்’ என்ற பெயரில் விற்கிறார்கள். ரைஃபிளும் டிராக்டர், தண்ணீர்த் தொட்டி மாதிரி அங்கே ஒரு பண்ணைக் கருவிதான்.

விவசாயிக்காகப் பிறந்த தோட்டா

அந்தப் பண்ணைகளில் தாத்தா காலத்திலிருந்து கைமாறி வரும் ரைஃபிள்களில் பல, ஜெர்மனியின் மௌசர் 98 வகை. 1898-ம் ஆண்டு வடிவமைப்பு. முன்பக்கம் இரண்டு கொண்டி, பின்னால் பாதுகாப்புக்கு மூன்றாவதாக ஒரு கொண்டி, தோட்டாவின் அடியைக் கவ்வி இழுக்கும் நீண்ட நகம் என்று எளிமையும் முரட்டுத்தனமும் சேர்ந்த அமைப்பு. நூறு ஆண்டு கடந்தும் இரும்பு நன்றாக இருந்தால் ஓடும். தேய்வது பேரல்தான்.

1905-ல் பெர்லினைச் சேர்ந்த ஓட்டோ போக் என்ற துப்பாக்கிக் கொல்லர், இந்த மௌசருக்கென்றே 9.3×62 என்ற தோட்டாவை உருவாக்கினார். முதல் எண் குண்டின் குறுக்களவு, இரண்டாவது பித்தளைக் கூட்டின் நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். அப்போது ஆப்பிரிக்காவில் பெரிய விலங்குகளுக்கு ஆங்கிலேயர்கள் பயன்படுத்தியவை கையால் செய்த இரட்டைக்குழல் ரைஃபிள்கள். பணக்காரர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். பண்ணை வைத்தவனுக்கு மான் முதல் யானை வரை ஒரே ரைஃபிள், அதுவும் விலை மலிவாக வேண்டும் என்பதுதான் போக்கின் கணக்கு. அந்த வகையில் துப்பாக்கி உலகில் ‘விவசாயியின் தோட்டா’ என்று ஒன்றைச் சொல்லலாம் என்றால் அது இதுதான்.

யாருடைய நிலத்தில் அந்த விவசாயம் நடந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இந்தத் தோட்டா பிறந்த அதே ஆண்டுகளில்தான், 1904 முதல் 1908 வரை, ஜெர்மன் படை அங்கே ஹெரேரோ, நாமா மக்களைக் கொன்று குவித்து நிலத்தைப் பறித்தது. அது இனப்படுகொலை என்று ஜெர்மனி ஒப்புக்கொண்டது 2021-ல்தான்.

வலு எங்கிருந்து வருகிறது?

பேரல் மாற்றுவதற்கு வரும் ரைஃபிள்களில் அதிகம் புழங்கும் தோட்டாக்களில் ஒன்று .30-06. அமெரிக்க ராணுவத்துக்காக 1906-ல் வந்தது, குண்டின் குறுக்களவு 7.82 மி.மீ. 11.7 கிராம் குண்டை விநாடிக்குச் சுமார் 820 மீட்டர் வேகத்தில் அனுப்பும். பேரல் முனையில் அதன் ஆற்றல் ஏறத்தாழ 3,950 ஜூல். 9.3×62 தோட்டாவோ 18.5 கிராம் குண்டைச் சுமார் 720 மீட்டர் வேகத்தில் அனுப்பும். ஆற்றல் 4,800 ஜூல்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. வலு கூடிய 9.3×62-வின் அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 3,900 பார். வலு குறைந்த .30-06-க்கு 4,050 பார். அழுத்தம் குறைவாக இருந்தும் ஆற்றல் எப்படிக் கூடுகிறது? டிராக்டர் ஹைட்ராலிக் சிலிண்டரை நினைத்துக்கொண்டால் போதும். எண்ணெய் அழுத்தம் அதேதான். பிஸ்டன் அகலமாக இருந்தால் தூக்கும் எடை கூடும். 9.3 மி.மீ குண்டின் அடிப்பரப்பு, 7.82 மி.மீ குண்டின் அடிப்பரப்பைவிட நாற்பது சதவிகிதம் பெரியது. வாயு தள்ளுவதற்கு அவ்வளவு இடம் கூடுதலாகக் கிடைக்கிறது.

(டிராக்டர் ஹைட்ராலிக் வேலை செய்வது 150, 200 பார் அளவில். ரைஃபிளுக்குள் அதைப்போல் இருபது மடங்கு அழுத்தம், முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் எழும்புகிறது. பேரல் மாற்றும் வேலையில் ஏன் விளையாடக் கூடாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.)

அடுத்தது, தோட்டாவின் அடிவட்டம். .30-06, 9.3×62, .270 வின்செஸ்டர், .35 வீலன் எல்லாவற்றுக்கும் அடிவட்டம் சுமார் 12 மி.மீ. அதாவது, போல்ட்டின் முகத்தை மாற்றாமல், மேகஸின் பெட்டியைப் பெரிதாக்காமல், பேரலை மட்டும் கழற்றி மாட்டினாலே இவற்றில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடலாம். உள்ளே தோட்டா ஏறும் தடத்தில் மட்டும் சின்னச் சின்னத் திருத்தம் தேவைப்படலாம். அடிப்பகுதியில் பட்டை கட்டிய ‘மேக்னம்’ வகைத் தோட்டாக்களுக்கு அடிவட்டம் 13.5 மி.மீ. போல்ட் முகத்தைக் கடைந்து அகலப்படுத்த வேண்டும், கவ்வும் நகத்தை மாற்ற வேண்டும். மேகஸினின் உதடுகளைச் சீவ வேண்டும். முன்பு ஐந்து கொண்ட பெட்டியில் மூன்றோ நான்கோதான் நிற்கும். அடி அகலமானதாலும் 4,300 பார் வரை அழுத்தம் ஏறுவதாலும், போல்ட்டின் கொண்டிகள் மீது விழும் பின்தள்ளு விசை .30-06-ஐவிடக் கால் பங்கு கூடிவிடும்.

அதைவிடப் பெரிய தப்பு, நீளம் போதாத ரைஃபிளில் நீளமான தோட்டாவைத் திணிப்பது. 1912-ல் வந்த .375 ஹாலந்து அண்டு ஹாலந்து, ஆப்பிரிக்கா முழுக்கப் பெயர் வாங்கிய தோட்டா. முழு நீளம் 91 மி.மீ. சாதாரண மௌசர் 98-ன் மேகஸின் 9.3×62-க்கும் .30-06-க்கும் (இரண்டும் 85 மி.மீ-க்குள்) பொருந்துவதுபோல் இதற்குப் பொருந்தாது. ‘பரவாயில்லை, இடம் பண்ணிவிடலாம்’ என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. தோட்டா ஏறும் சரிவைச் சீவித்தான் அந்த இடத்தை உண்டாக்க முடியும். அந்தச் சரிவுக்கு மேலேதான் கீழ்க் கொண்டி உட்காரும் இருக்கை இருக்கிறது. முழு விசையையும் தாங்கும் இடத்திலேயே இரும்பைக் குறைப்பது, அணையின் மதகுக்கு அடியில் மண் எடுப்பதுபோல. அனுபவமுள்ள கொல்லர் பலர் இந்த வேலையைத் தொடமாட்டார்கள்.

சட்டம் கேட்பது ஜூல் கணக்கு

‘வலு எவ்வளவு வேண்டும்?’ என்ற கேள்விக்கு நமீபியாவில் வாய்ச்சவடாலால் பதில் சொல்ல முடியாது. சட்டமே எண் வைத்திருக்கிறது. ஸ்பிரிங்பாக் போன்ற சிறிய மான்களுக்குப் பேரல் முனையில் குறைந்தது 1,350 ஜூல். கூடு, ஓரிக்ஸ், எலாண்ட் போன்ற பெரியவற்றுக்கு 2,700 ஜூல். காட்டெருமை, யானை வகையறாவுக்கு 5,400 ஜூல். விலங்கு அடிபட்டு ஓடி, புதருக்குள் கிடந்து நாள்கணக்கில் சாகக் கூடாது என்பதுதான் இதன் நோக்கம்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பல நம்பிக்கைகள் உடைகின்றன. .243 வின்செஸ்டர் என்ற மெல்லிய தோட்டா, வழக்கமான 6.5 கிராம் குண்டோடு சுமார் 2,640 ஜூல்தான் தரும். ஸ்பிரிங்பாக்குக்குப் போதும், கூடு மானுக்குச் சட்டப்படி போதாது. .30-06 கூடு, ஓரிக்ஸ், எலாண்ட் எல்லாவற்றையும் தாராளமாகத் தாண்டிவிடுகிறது. அப்படியானால் மாட்டுப் பண்ணையில் மான் மட்டுமே எடுப்பவர் மேலே போகவேண்டிய அவசியமே இல்லை. பழைய தோட்டாவுக்கே புது பேரல் போட்டுக்கொள்ளலாம். நேர்மையான பட்டறைக்காரர் முதலில் சொல்வதும் இதைத்தான், அதில் அவருக்கு வருமானம் குறைவு என்றாலும்.

‘மேக்னம்’ என்ற பெயர் இருந்தாலே காட்டெருமைக்குப் போதும் என்று நினைப்பதும் சரியில்லை. .300 வின்செஸ்டர் மேக்னம் 11.7 கிராம் குண்டோடு தருவது சுமார் 4,760 ஜூல். அவ்வளவு வெடிமருந்தை எரித்தும், சாதுவான 9.3×62-வின் அளவுதான். .338 வின்செஸ்டர் மேக்னம்கூட வழக்கமான கம்பெனித் தோட்டாக்களில் 5,300 அருகே நின்றுவிடுகிறது. .375 ஹாலந்து 5,700-ஐத் தாண்டும். நூறு ஆண்டுக்கு முன் யானைகளைச் சாய்த்த 9.3×62-வோ, அதன் வழக்கமான தோட்டாவில் இன்றைய சட்டத்தின் 5,400-ஐ எட்டவில்லை. விவசாயிக்காகப் பிறந்த தோட்டா, விவசாயியின் ஊரிலேயே காட்டெருமைக்குத் தகுதி இழந்து நிற்பது விநோதம்தான். தோட்டாவைத் தாமே நிரப்பி, புதிய வெடிமருந்தால் அந்த எண்ணை எட்டிவிடலாம் என்று அங்கே பலர் முயல்வது உண்டு. அழுத்த வரம்பை ஒட்டி நடக்கும் அந்த வேலை, நூறு வருட இரும்புக்கு நல்லதில்லை.

ஐரோப்பாவிலும் இப்படிக் கணக்கு உண்டு, ஆனால் அளக்கும் இடம் வேறு. ஜெர்மனியில் 100 மீட்டர் தூரத்தில் அளக்கிறார்கள்: சிறு மானுக்கு 1,000 ஜூல், காட்டுப்பன்றி உட்படப் பெரிய குளம்பு விலங்குகளுக்கு 2,000 ஜூல், குண்டு 6.5 மி.மீ-க்குக் குறையக் கூடாது. ஜெர்மன் காட்டுப்பன்றிக்குப் போதுமானதாக அந்தச் சட்டம் கருதும் அளவு, மேக்னம் பிரியர்கள் நினைப்பதைவிட எவ்வளவோ குறைவு.

தோள் சொல்லும் தீர்ப்பு

எண்களில் வராத ஒன்று உதை. ஒரே எடையுள்ள, நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த ரைஃபிளில் .30-06-ன் உதை சுமார் 26 ஜூல் என்றால், 9.3×62 நாற்பதைத் தாண்டும், .338 மேக்னம் 45-க்கும் மேல். உதை கூடக் கூட, சுடுபவர் தன்னை அறியாமல் கண்ணை மூடுகிறார், விசையைச் சுண்டி இழுக்கிறார். ‘படபடப்பு’ என்று நம்மவர்கள் சொல்லும் அதே நோய். வலுவான தோட்டா வாங்கியவர் பயிற்சி செய்யப் பயந்து பெட்டியை அப்படியே வைத்திருப்பதும், கடைசியில் குண்டு மானின் வயிற்றில் பாய்வதும் அங்கே பழைய கதை. வயிற்றில் பட்ட 5,000 ஜூலைவிட நெஞ்சில் பட்ட 3,000 ஜூல் நூறு மடங்கு மேல்.

ஸ்காட்லாந்துக்காரரான டபிள்யூ.டி.எம். பெல், ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றை அவர் சாய்த்தது 7 மி.மீ மௌசர் போன்ற சிறிய தோட்டாக்களால். யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை எங்கே இருக்கிறது என்று கற்றுக்கொண்டவர் அவர். இது எல்லோரும் செய்யக்கூடிய காரியமில்லை என்பதும் உண்மை. நம் நாட்டில் ஜிம் கார்பெட்டின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ரிக்பி ரைஃபிளும் அதே 7 மி.மீ குடும்பம்தான், 1907-ல் சம்பாவத் புலியைக் கொன்றதற்காக அவருக்குப் பரிசாகக் கிடைத்தது. சேலம், தருமபுரிக் காடுகளைப் பற்றி எழுதிய கென்னத் ஆண்டர்சன் விரும்பியது நேர்மாறாக, கனமான .405 வின்செஸ்டர். இருவருமே பிழைத்து வந்து புத்தகம் எழுதினார்கள்.

நிலமும் தீர்மானிக்கிறது. முள்புதர் அடர்ந்த வடக்கில் நூறு மீட்டருக்குள்தான் விலங்கு தெரியும். கனமான, மெதுவான 9.3 குண்டு அங்கே பொருத்தம். இறைச்சியும் குறைவாகவே சிதையும். வேகமான குண்டு பாய்ந்த தோள்பட்டையில் பாதி ரத்தக்கட்டாகி நாய்க்குத்தான் போகும். பில்டாங் விற்பவருக்கு அது நேரடி நஷ்டம். கலஹாரி ஓரத் திறந்த வெளியில் நிலைமை வேறு. 200 மீட்டருக்குக் குறி வைத்துச் சரிசெய்த ரைஃபிளால் 300 மீட்டரில் சுட்டால், .300 மேக்னம் குண்டு ஒரு சாண் அளவு தாழும். 9.3×62 ஒன்றரைச் சாண் தாழும். அங்கே மேக்னம் கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால், பேரலின் தொண்டைப் பகுதியை மேக்னம் சீக்கிரம் அரித்துவிடும். அடுத்த பேரல் மாற்றத்துக்கான செலவை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் இதற்கு இடமில்லை

இதையெல்லாம் படித்துவிட்டு, பரணில் இருக்கும் துப்பாக்கியைப் பட்டறைக்கு எடுத்துப்போக இங்கே வழியில்லை. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை மாற்றியமைப்பதற்கும் பழுது பார்ப்பதற்கும் உரிமம் பெற்றவர்தான் கை வைக்கலாம். உரிமத்தில் எழுதிய அளவு ஒன்று, பேரலில் இருக்கும் அளவு வேறு என்றால் அது குற்றம். ராணுவத் தோட்டாவான .303-ஐத் தனியார் வைத்திருக்கக் கூடாது என்பதால்தான் அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகள் .315 என்ற தனி அளவில் ரைஃபிள் செய்தன. இன்னும் பல விவசாயக் குடும்பங்களில் இருப்பது அதுதான். வேட்டையோ, 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. கேரளாவில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்கள், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியை உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர் மூலம் சுட உத்தரவிடலாம். தமிழ்நாட்டில் 2025 ஜனவரி அரசாணைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர்தான் சுட முடியும். விவசாயி மனு கொடுக்கலாம், விசையைத் தொட முடியாது.

பட்டறை மேசையில்

முடிவு எடுத்தாகிவிட்டது என்றால், நல்ல கொல்லர் பேரலைக் கழற்றியதும் முதலில் பார்ப்பது கொண்டிகள் உட்காரும் இடத்தை. அங்கே பள்ளம் விழுந்திருந்தால், அழுத்தம் கூடிய எந்தத் தோட்டாவுக்கும் அந்த ரைஃபிள் லாயக்கில்லை. பிறகு புது பேரலின் மரையை மாட்டி, அறையைக் கடைந்து, போல்ட் முகத்துக்கும் தோட்டாவின் இருக்கைக்கும் உள்ள இடைவெளியை இரண்டு அளவுக் கட்டைகளால் சோதிக்கிறார். ஒரு கட்டையில் போல்ட் மூடவேண்டும், மற்றதில் மூடக் கூடாது. இந்த இடைவெளி கூடினால் பித்தளைக் கூடு அறுந்து, வாயு பின்பக்கம் பீறிடும்.

பேரலின் உள்முறுக்கும் தோட்டாவுக்கேற்ப இருக்கவேண்டும். 9.3×62-க்கு 360 மி.மீ-க்கு ஒரு சுற்று; .30-06-க்கு 254 மி.மீ-க்கு ஒரு சுற்று. பழைய பேரலையே உள்ளே குடைந்து பெரிதாக்கித் தருகிறேன் என்பவர்களும் உண்டு. .30-06 பேரலை 9.3-க்குக் குடைவது நடக்கக்கூடியது, செலவும் குறைவு, வெளித்தோற்றமும் மாறாது. சுவர் தடிமன் போதுமா என்று அளந்து பார்த்த பிறகுதான் சம்மதிக்க வேண்டும்.

ஜெர்மனியில் பேரல் மாற்றிய ரைஃபிள் நேராக உரிமையாளர் கைக்கு வராது. அரசின் சோதனை நிலையத்துக்குப் போகவேண்டும். அங்கே அதை ஒரு தாங்கியில் கட்டி, அனுமதிக்கப்பட்ட அழுத்தத்தைவிட 25 சதவிகிதம் கூடிய சோதனைத் தோட்டாவைப் போட்டுத் தூரத்திலிருந்து சுடுவார்கள். 9.3×62 என்றால் கிட்டத்தட்ட 4,900 பார். விரிசல் இல்லாவிட்டால் முத்திரை அடித்துத் தருவார்கள். அமெரிக்காவில் இப்படி அரசுக் கட்டாயம் கிடையாது. அங்கே கொல்லரின் மனசாட்சிதான் முத்திரை.

முத்திரையோடு புதிய தோட்டாவின் பெயரையும் பேரல் மீது பொறித்தாக வேண்டும். ஜெர்மனியின் 8×57 தோட்டாவில் குண்டின் குறுக்களவை 8.09 மி.மீ-லிருந்து 8.2 மி.மீ-ஆக மாற்றினார்கள். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்று. பழைய ஒல்லி பேரலில் புதிய தடித்த குண்டைப் போட்டால் அழுத்தம் எகிறும் என்பதால், பெயருக்குப் பின்னால் ஒரு ‘எஸ்’ எழுத்தைச் சேர்த்து இன்றுவரை பிரித்துக் காட்டுகிறார்கள். பேரல் மாற்றிய வீட்டிலும் அதே கதை நடக்கலாம். பழைய தோட்டாப் பெட்டி அலமாரியில் மிச்சம் இருக்கும், மகனோ வேலையாளோ அவசரத்தில் அதை எடுப்பார். அதனால் ரைஃபிளைத் திருப்பிக் கொடுக்கும் நாளிலேயே மிச்சத் தோட்டாக்களைக் கொண்டுவரச் சொல்லி, அதே தோட்டாவைச் சுடும் வேறொரு பண்ணைக்காரருக்குக் கைமாற்றிவிடும் கொல்லர்கள் இருக்கிறார்கள்.